அத்தியாயம் 4: கிணற்றுக்குப் போகும் முன்னும், வந்த பின்னும்

நிலத்தடி நீர்த் தர ஆய்வைத் திட்டமிடும் முறை

சிவில் துறையில் சுற்றுச்சூழல் பொறியியலையோ நீர்வளத்தையோ எடுத்துக்கொண்டு எம்.இ., பிஎச்.டி. செய்கிறவர்களில் பலர் ஏதாவது ஒரு கட்டத்தில் கிணற்று நீரைச் சோதிக்கப் போகிறார்கள். கிணறு எங்கும் இருக்கிறது. செலவு கட்டுக்குள் அடங்கும். முடிவு ஊருக்கும் பயன்படும். ஆனால் இந்த வகை ஆய்வேடுகளை ‘ஷோத்கங்கா’ தளத்தில் வரிசையாகத் திறந்து பாருங்கள். ஒரு வட்டம், சில டஜன் கிணறுகள், இரண்டு பருவம், பைப்பர் வரைபடம், நீர்த் தரக் குறியீடு, வண்ணம் தீட்டிய ஒரு வரைபடம், “சில இடங்களில் நீர் குடிக்க ஏற்றதல்ல” என்ற முடிவுரை. ஊர்ப் பெயரை மாற்றினால் அடுத்த ஆய்வேடு. உழைப்பு இருக்கிறது, எண்கள் இருக்கின்றன, கேள்வியைத்தான் காணோம்.

கேள்வி முதலில் பிறக்க வேண்டும். கிணறு, பருவம், சோதனை, புள்ளியியல் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். அது எப்படி என்று காட்ட ஒரே ஓர் எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் கடைசி வரை கொண்டுபோகிறோம்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு. இந்த அத்தியாயத்தில் வரும் கிணற்று எண்களும் சோதனை அளவுகளும் பயிற்சிக்காக அமைத்தவை. முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. இடத்தின் வேதியியலை முதலில் படியுங்கள்

தென்னிந்தியாவில் ஃபுளோரைடு பழைய பிரச்சினை. 1937இலேயே எச்.இ. ஷார்ட் தலைமையிலான குழு, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளோரோசிஸ் நோயைப் பதிவு செய்தது. பல்லில் பழுப்புக் கறை, முற்றினால் எலும்பும் மூட்டும் இறுகிப்போதல். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500:2012 தரப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.0 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5தான்.

இந்த இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவரத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானின் ஜைகா கடனுதவியோடு போடப்பட்டு, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. எனவே “தருமபுரியில் ஃபுளோரைடு இருக்கிறதா?” என்று இன்றைக்கு ஒருவர் ஆய்வு செய்யத் தேவையில்லை. அந்த விடைக்காகவே அரசு காவிரியிலிருந்து குழாய் போட்டுவிட்டது.

ஏன் இங்கே என்பதற்கும் விடை தெரியும். அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறை. பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட், ஃபுளோர்ஸ்பார் ஆகிய தாதுக்களில் ஃபுளோரைடு பொதிந்திருக்கிறது. நீர் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும்போது அது மெல்லக் கரைந்து வருகிறது. எவ்வளவு கரையலாம் என்பதற்குக் கால்சியம் ஒரு கடிவாளம் போடுகிறது. ஃபுளோர்ஸ்பாரின் கரைதிறன் பெருக்கத்தை வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், நீரில் கால்சியம் 40 மி.கி. இருக்கும்போது ஃபுளோரைடு ஏறக்கூடிய உச்சம் சுமார் 3 மி.கி. கால்சியம் 10 மி.கி.க்கு இறங்கினால் உச்சம் 6 மி.கி.க்கு ஏறும். கால்சியம் 160 ஆனால் உச்சம் 1.5 மட்டுமே. சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து, கால்சியம் குறைந்த நீரில் ஃபுளோரைடு தலைதூக்குவது இதனால்தான். குடிக்க மென்மையாக, சுவையாக இருக்கும் நீரே ஆபத்தான நீராக இருக்கலாம்.

இந்த அளவு புரிதல் இல்லாமல் களத்துக்குப் போகாதீர்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மாவட்ட அறிக்கை, சென்னை தரமணியில் உள்ள மாநில நில மற்றும் மேற்பரப்பு நீர்வள ஆதார விவரக் குறிப்பு மையத்தின் பதிவுகள், ‘இந்தியா-டபிள்யூரிஸ்’ தளம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாறை வரைபடம் ஆகிய நான்கையும் முதல் மாதத்திலேயே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. தலைப்பிலிருந்து கேள்விக்கு

“தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரின் தர மதிப்பீடு” என்பது தலைப்பு. அதற்கு ஆம், இல்லை என்று யாரும் பதில் சொல்ல முடியாது. அதையே இப்படி மாற்றிப் பாருங்கள்:

“தடுப்பணைக்கு அருகிலுள்ள கிணறுகளில், மழைக்குப் பின் ஃபுளோரைடு, தொலைவிலுள்ள கிணறுகளைவிட அதிகமாகக் குறைகிறதா? குறைந்தால், அது வெறும் நீர்த்துப்போவதால் மட்டும்தானா?”

கேள்வி தேறுமா என்று பார்க்க மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, தவறாகும் வாய்ப்பு. எந்த முடிவு வந்தால் உங்கள் ஊகம் பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள்? அருகிலும் தொலைவிலும் ஒரே அளவு குறைந்திருந்தால், குறைத்தது மழை. தடுப்பணைக்கு அதில் பங்கில்லை. அந்த முடிவும் எழுதத் தக்கதுதான்.

இரண்டாவது, யாருக்கு வேண்டும் என்பது. தடுப்பணை கட்டும் துறைக்கும், பழைய கைப்பம்பை மூடுவதா வைத்துக்கொள்வதா என்று யோசிக்கும் ஊராட்சிக்கும் இந்த விடை உதவும்.

மூன்றாவது, உங்கள் காலமும் கையும். ஐசோடோப் சோதனை இல்லாமல் விடை கிடைக்காது என்றால், அந்தக் கருவிக்கு வழி இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பது ஆய்வுத் திட்டத்தில் சேராது.

3. நாட்காட்டி உங்களுக்காகக் காத்திருக்காது

எம்.இ. மாணவருக்குப் பெரும்பாலும் மூன்றாம் செமஸ்டரில் முதல் கட்டம், நான்காம் செமஸ்டரில் இரண்டாம் கட்டம். முதல் கட்டம் தொடங்குவது ஜூலை வாக்கில். ஆனால் மழைக்கு முந்தைய மாதிரி எடுக்க வேண்டியது மே மாதத்தில், எல்லோரும் விடுமுறையில் இருக்கும்போது. தலைப்பு முடிவாகி, பாட்டில் வாங்கி, நெறியாளர் கையெழுத்துப் போட்டுக் களத்துக்குப் போவதற்குள் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். பிறகு ‘மழைக்கு முன்’ என்ற தலைப்பின் கீழ் ஆகஸ்ட் மாத எண்களை வைத்துக்கொண்டு தேர்வாளர் முன்னால் விழிக்க வேண்டியதுதான்.

இந்தப் பகுதி தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவக்காற்றிலும் மழை பெறுகிறது. மே மாதத்தில் ஒருமுறை, இரண்டு மழையும் ஓய்ந்த ஜனவரியில் ஒருமுறை என்பது குறைந்தபட்சத் திட்டம். அப்படியானால் இரண்டாம் செமஸ்டர் நடக்கும்போதே கேள்வி தயாராக வேண்டும். பிஎச்.டி. மாணவருக்கு நேரம் கூடுதல். யுஜிசியின் 2022 விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக 6 ஆண்டுக்குள். அவர்கள் இரண்டு நீராண்டுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆண்டு மழை பொய்த்தால் அந்த ஒரு ஆண்டுத் தரவு தடுப்பணையைப் பற்றி எதுவும் சொல்லாது.

4. எத்தனை கிணறு?

“நாற்பது கிணறு எடு, போதும்” என்று சீனியர் சொல்வார். எதற்கு நாற்பது என்று கேளுங்கள். நம் கேள்விக்கு ஒரு திட்டம் போடுவோம்.

ஒரே பாறை வகையில் அமைந்த 4 தடுப்பணைகள். ஒவ்வொன்றுக்கும் கீழ்ப்புறம் 500 மீட்டருக்குள் 5 கிணறு, அதே பாறையில் 2 கிலோமீட்டருக்கு அப்பால் 5 கிணறு. ஆக 40 கிணறு. இரண்டு பருவத்துக்கு 80 மாதிரி. பத்துக்கு ஒன்று வீதம் 8 இரட்டை மாதிரி. களத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பிளாங்க், அதாவது காய்ச்சி வடித்த நீரை அதே பாட்டிலில், அதே வெயிலில், அதே வண்டியில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து சோதிப்பது. நாளுக்கு 8 கிணறு முடிக்க முடிந்தால் பருவத்துக்கு 5 நாள். தடங்கல்களுக்காக இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடாது, வீடு பூட்டியிருக்கும், மும்முனை மின்சாரம் வரும் நேரம் மாறும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரே தடுப்பணையைச் சுற்றியுள்ள 5 கிணறும் ஒரே நீரைத்தான் ஓரளவு பகிர்ந்துகொள்கின்றன. அவற்றைத் தனித்தனிச் சான்றாக எண்ணி 20 என்று புள்ளியியல் மென்பொருளுக்குக் கொடுத்தால், அது இல்லாத நம்பிக்கையை உங்களுக்குத் தரும். தடுப்பணையின் விளைவைப் பொறுத்தவரை உங்கள் உண்மையான எண்ணிக்கை 4. ஒரே தடுப்பணையைச் சுற்றி 40 கிணறு எடுத்தவருக்கு அது 1. கிணற்றைக் கூட்டுவதைவிடத் தடுப்பணையைக் கூட்டுவது நல்லது.

இன்னொன்று: இரண்டு பருவத்திலும் அதே கிணறு, அதே குழாய். திறந்த கிணறு வற்றியிருக்கிறதென்று மே மாதம் பக்கத்துப் போர்வெல்லிலும், ஜனவரியில் அந்தக் கிணற்றிலும் எடுத்தால் நீங்கள் பருவத்தை ஒப்பிடவில்லை, ஆழத்தை ஒப்பிடுகிறீர்கள்.

5. களத்தில்

ஊருக்குள் நுழைந்ததும் ஊராட்சித் தலைவரையோ செயலரையோ பார்த்து, கல்லூரிக் கடிதத்தைக் காட்டுங்கள். கிணற்றுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். அதோடு நிற்காமல் கிணற்றின் கதையையும் கேளுங்கள்.

“அக்கா, இந்த போர் எத்தனை அடி? எப்போ போட்டீங்க?”

“மொதல்ல முந்நூறு அடி போட்டோம் தம்பி. நாலு வருஷம் முன்னாடி தண்ணி நின்னுபோச்சு. இன்னும் நானூறு எறக்கியிருக்கோம்.”

“எறக்கின அப்புறம் தண்ணி ருசி மாறிச்சா?”

“முன்ன உப்பா இருந்துச்சு. இப்போ நல்லா இருக்கு.”

இந்த நான்கு வரிப் பேச்சில் ஆய்வேட்டின் ஒரு பத்தி இருக்கிறது. ஆழம் 300 அடி என்று பழைய அரசுப் பதிவைப் பார்த்து எழுதியிருந்தால் தவறாகப் போயிருக்கும். சுவை மாறியது கடினத்தன்மை குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். அப்படியானால் கால்சியத்தையும் ஃபுளோரைடையும் அந்தக் கிணற்றில் கவனித்துப் பார்க்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் வரிசை:

ஒன்று. மேல்நிலைத் தொட்டியிலிருந்து எடுக்காதீர்கள். வீட்டு ஆர்.ஓ. கருவிக்குப் பிந்தைய குழாயும் வேண்டாம். கிணற்றுக்கு மிக அருகிலுள்ள வாயிலில் பிடியுங்கள்.

இரண்டு. குழாய்க்குள் தேங்கிய நீரை வெளியேற்றுங்கள். “பத்து நிமிடம் ஓடவிட்டோம்” என்று எழுதுவதைவிட, பிஎச், மின்கடத்துத்திறன், வெப்பநிலை மூன்றும் நிலைத்தபின் எடுத்தோம் என்று எழுதுவது வலுவானது. சில நிமிட இடைவெளியில் எடுத்த மூன்று அளவீடுகளில் பிஎச் 0.1க்குள்ளும் மின்கடத்துத்திறன் 3 சதவீதத்துக்குள்ளும் நின்றால் போதும். கைப்பம்பிலும் இதே விதி. அடிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று. ஒரு கிணற்றுக்கு இரண்டு பாட்டில், இரண்டும் பாலிஎத்திலீன். கண்ணாடி ஃபுளோரைடோடு வினைபுரியும் என்பதால் அது வேண்டாம். முதல் பாட்டிலில் அமிலம் சேர்க்காத நீர்: ஃபுளோரைடு, குளோரைடு, சல்பேட், நைட்ரேட்டுக்கு. இரண்டாவதில் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2க்குக் கீழே கொண்டுவந்த நீர்: கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியத்துக்கு.

நான்கு. காரத்தன்மையை அன்றைக்கே டைட்ரேட் செய்யுங்கள். நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் பிஎச் ஏறும், கால்சியம் கார்பனேட் படியும். நைட்ரேட்டை 48 மணி நேரத்துக்குள் முடியுங்கள். ஃபுளோரைடு 28 நாள் பொறுக்கும். எல்லாமே ஐஸ் பெட்டியில் இருக்கட்டும்.

ஐந்து. லேபிளை பாட்டிலின் உடம்பில் ஒட்டுங்கள், மூடியில் ஒட்டாதீர்கள். மூடி மாறினால் கிணறே மாறிவிடும். களக் குறிப்பேட்டில் குறியீடு, நேரம், ஜிபிஎஸ், ஆழம், பயன்பாடு, பக்கத்தில் மாட்டுத் தொழுவமோ கழிவறையோ உரம் போட்ட வயலோ இருந்தால் அதுவும்.

6. லேபில்

ஃபுளோரைடை அளக்க இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. எஸ்பிஏடிஎன்எஸ் சாயமுறை மலிவானது; ஃபுளோரைடு ஏற ஏற நிறம் மங்கும். ஆனால் குளோரின், அலுமினியம், மிகுந்த காரத்தன்மை மூன்றும் இதில் குறுக்கிடும். பைகார்பனேட் மிகுந்த தருமபுரி நீருக்கு அயனித் தேர்வு மின்வாய் முறையே பாதுகாப்பு.

மின்வாயில் கவனிக்க வேண்டியவை: மாதிரிக்கும் தரக் கரைசலுக்கும் டிசாப் கரைசலைச் சம அளவு சேருங்கள். அது பிஎச்சை 5 முதல் 5.5 வரை நிறுத்தி, அலுமினியமும் இரும்பும் பிடித்துவைத்திருக்கும் ஃபுளோரைடை விடுவிக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி அறை வெப்பத்துக்கு வந்தபின் அளவிடுங்கள். ஃபுளோரைடு பத்து மடங்கு கூடினால் மின்வாயின் அளவீடு 25 டிகிரியில் சுமார் 59 மில்லிவோல்ட் இறங்க வேண்டும். சரிவு 54க்குக் கீழே போனால் மின்வாயைச் சுத்தம் செய்யுங்கள். அன்றைய சரிவைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தேர்வாளர் கேட்பார். காந்தக் கலக்கியின் சூடு பீக்கரில் ஏறாமல் இருக்க இடையில் ஒரு தெர்மாகோல் துண்டு வையுங்கள்.

பத்து மாதிரிக்கு ஒருமுறை தெரிந்த தரக் கரைசல் ஒன்றை ஓட்டுங்கள். ஸ்பைக் சோதனையும் செய்யுங்கள். 1.2 மி.கி. உள்ள நீரில் 1.0 மி.கி.க்கு ஈடாக ஃபுளோரைடு சேர்த்தால் 2.2 வர வேண்டும். 2.1 வந்தால் மீட்பு 90 சதவீதம். இந்தச் சோதனைக்கு 90 முதல் 110 வரை இருந்தால் ஏற்கலாம். மாதிரிகளில் சிலவற்றைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ வேறொரு கல்லூரியிலோ கொடுத்து ஒப்பிடுங்கள். இரண்டு லேப் ஒத்துப்போனால் உங்கள் எண்ணுக்கு மரியாதை வரும்.

7. எண்களை நம்பும் முன் கூட்டிப் பாருங்கள்

நீர் மின்னேற்றம் அற்றது. நேரயனிகளின் கூட்டுத்தொகையும் எதிரயனிகளின் கூட்டுத்தொகையும் மில்லி ஈக்விவலன்ட் கணக்கில் ஏறத்தாழச் சமமாக வேண்டும். 5 சதவீத வித்தியாசம் வரை விடலாம். ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம்.

நேரயனிகள்: கால்சியம் 40 மி.கி. என்றால் 2.00. மக்னீசியம் 36.5 என்றால் 3.00. சோடியம் 138 என்றால் 6.00. பொட்டாசியம் 3.9 என்றால் 0.10. கூட்டினால் 11.10.

எதிரயனிகள்: பைகார்பனேட் 366 என்றால் 6.00. குளோரைடு 89 என்றால் 2.51. சல்பேட் 72 என்றால் 1.50. நைட்ரேட் 31 என்றால் 0.50. ஃபுளோரைடு 1.9 என்றால் 0.10. கூட்டினால் 10.61.

வித்தியாசம் 0.49. இரண்டின் கூட்டுத்தொகை 21.71. பிழை 2.3 சதவீதம். தேறியது. நேரயனித் தொகையை 100ஆல் பெருக்கினால் வரும் 1110 என்ற எண்ணுக்கு அருகில் மின்கடத்துத்திறனும் இருக்க வேண்டும். அது 1,800 என்று பதிவாகியிருந்தால் ஏதோ ஒன்றைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

இப்போது அடிக்கடி நடக்கும் ஒரு பிழை. இந்த நீரின் காரத்தன்மை கால்சியம் கார்பனேட்டாகச் சொன்னால் 300. லேப் தாளில் உள்ள அந்த 300ஐ அப்படியே பைகார்பனேட் என்ற நிரலில் போட்டால் 6.00க்குப் பதில் 4.92 வரும். எதிரயனித் தொகை 9.53 ஆகும். பிழை 7.6 சதவீதம். கூட்டிப் பார்த்தவர் அன்றைக்கே கண்டுபிடிப்பார். கூட்டிப் பார்க்காதவரின் பைப்பர் வரைபடத்தில் எல்லாப் புள்ளியும் இடம் மாறி விழுந்திருக்கும். நைட்ரேட்டிலும் இதே கதை: நைட்ரஜனாகச் சொன்ன அளவை 4.43ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட் அளவு. தரநிலையின் வரம்பான 45 என்பது நைட்ரேட்டுக்கு. அதுவே நைட்ரஜன் கணக்கில் சுமார் 10.

பிழை கூடுதலான மாதிரியைத் திரும்பச் சோதியுங்கள். மாதிரி தீர்ந்துவிட்டால் நீக்குங்கள், நீக்கியதை எழுதுங்கள். எண்ணைத் தட்டிச் சரிசெய்வது பித்தலாட்டம். அதற்கு வேறு பெயர் கிடையாது.

8. எண்களைக் கேள்வியிடம் கொண்டுவாருங்கள்

தடுப்பணை நீர் கலந்ததால் ஃபுளோரைடு குறைந்ததா? இதைப் பிரித்தறியக் குளோரைடு துணை செய்யும். பாறையோடு அது அவ்வளவாக வினைபுரிவதில்லை. மே மாதத்தில் குளோரைடு 200, ஃபுளோரைடு 2.4 என்றும், ஜனவரியில் குளோரைடு 120, ஃபுளோரைடு 1.4 என்றும் வைப்போம். குளோரைடு பழையதில் 60 சதவீதம், ஃபுளோரைடு 58 சதவீதம். இரண்டும் சேர்ந்தே குறைந்திருக்கின்றன. நீர்த்துப்போனதுதான் காரணம் என்று சொல்ல இடமுண்டு. அதே கிணற்றில் ஜனவரி ஃபுளோரைடு 2.2 என்று வந்திருந்தால்? நீர் கலந்திருக்கிறது, ஆனால் ஃபுளோரைடு 92 சதவீதத்தில் நிற்கிறது. பாறை இன்னும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. தடுப்பணை நீர்மட்டத்தை உயர்த்தியிருக்கலாம்; பல்லைக் காப்பாற்றாது. ஆய்வேட்டின் உயிர் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

எச்சரிக்கை: தடுப்பணை நீரையும் மழைநீரையும் தனியே சோதித்திருக்க வேண்டும். கழிவுநீரும் பொட்டாஷ் உரமும் குளோரைடைக் கூட்டும். களக் குறிப்பேட்டில் தொழுவத்தையும் வயலையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான். புள்ளியியலில், அதே கிணற்றின் இரண்டு பருவ வித்தியாசத்தை எடுத்து, அருகு, தொலைவு இரண்டு குழுவின் வித்தியாசங்களை ஒப்பிடுங்கள். ஃபுளோரைடு எண்கள் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். சராசரியோடு இடைநிலை மதிப்பையும் சொல்லுங்கள்.

வழக்கமாகச் சேர்க்கும் சில படங்களைப் பற்றி: பைப்பர் வரைபடம் 1944இல் வந்தது, இன்றும் நீரின் வகையைச் சொல்ல நல்லது. கிப்ஸ் வரைபடம் 1970இல் உலகின் ஆறு, ஏரி போன்ற மேற்பரப்பு நீர்களை வைத்து வரையப்பட்டது. கடினப் பாறைக் கிணற்று நீரை அதில் போட்டு “பாறை ஆதிக்கம்” என்று ஒரு வரி எழுதுவதால் புதிதாக எதுவும் தெரியவராது. நீர்த் தரக் குறியீடு பல அளவுகளைக் கலந்து ஒரே எண்ணாக்கும். மற்றவை நன்றாக இருந்தால் 2.4 மி.கி. ஃபுளோரைடு அதற்குள் மறைந்துபோகும். 40 புள்ளிகளை வைத்து மாவட்டம் முழுக்க வண்ணம் தீட்டினால், பாறை வெடிப்பும் டைக்கும் வெட்டிப் பிரிக்கும் நிலத்தை நீங்கள் சமவெளியாக்கிவிடுகிறீர்கள். புள்ளிகளை மட்டும் காட்டுங்கள். இவை அனைத்துக்கும் க்யூஜிஸ் போதும். கரைதிறன் கணக்குக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் ஃப்ரீக் மென்பொருள் இலவசம்.

9. நீக்கும் முறையை ஆய்கிறவர்களுக்கு

ஃபுளோரைடு என்றதும் ஏதாவதொரு தோலையோ கொட்டையையோ கரியாக்கி உறிஞ்சியாகப் பயன்படுத்தும் ஆய்வுகள் ஏராளம். இதை எடுப்பவர்களுக்கு நான்கு வார்த்தை.

காய்ச்சி வடித்த நீரில் ஃபுளோரைடு கரைத்துச் சோதித்தால் பைகார்பனேட்டின் போட்டி தெரியாது. உண்மையான கிணற்று நீரிலும் செய்யுங்கள். ஆக்டிவேட்டட் அலுமினாவே பிஎச் 5.5 முதல் 6 வரை நன்றாக உறிஞ்சும், 8க்குப் போனால் தளரும். கிணற்று நீர் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

போலி இரண்டாம்படி இயக்கவியலின் நேர்கோட்டு வடிவத்தில் நேரம் இரண்டு அச்சிலும் இருக்கிறது. ஆர் ஸ்கொயர் 0.99 வருவது அதனாலேயே எளிது. அதை வைத்து வேதி உறிஞ்சல் நடந்ததென்று முடிவு கட்டாதீர்கள். வளைகோட்டையே பொருத்தி, மற்ற இயக்கவியல் சமன்பாடுகளோடு ஒப்பிடுங்கள்.

லிட்டருக்கு 10 கிராம் உறிஞ்சி வேண்டும் என்றால், குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் கேட்கும் வீட்டுக்கு 200 கிராம், மாதத்துக்கு 6 கிலோ. அதை யார் தயாரிப்பது, பயன்படுத்தியதை எங்கே கொட்டுவது? இந்தக் கணக்கை முதல் அத்தியாயத்திலேயே போடுங்கள்.

நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறை படிகாரம், சுண்ணாம்பு கொண்டு நடக்கும் எளிய முறை. அதுவே கசடு, நீரில் எஞ்சும் அலுமினியம், அன்றாடம் கவனிக்க ஆள் ஆகிய மூன்றாலும் சிரமப்பட்டது. உங்கள் முறை இந்த மூன்றுக்கும் என்ன பதில் வைத்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

10. நெறியாளர், கமிட்டி, எழுத்து

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நெறியாளரிடம் ஒரு பக்கம் கொடுங்கள்: என்ன செய்தேன், என்ன தெரிந்தது, எங்கே நிற்கிறேன், என்ன முடிவு வேண்டும். “சார், கொஞ்சம் பேசணும்” என்று வாசலில் நிற்பதைவிட இது வேலை செய்யும். டாக்டோரல் கமிட்டி (டிசி) மீட்டிங்கில் படங்களைக் குறைத்து, கேள்வி, திட்டம், தரக் கட்டுப்பாட்டு முடிவு மூன்றையும் முதல் ஐந்து ஸ்லைடுக்குள் வையுங்கள்.

செய்முறை அத்தியாயத்தை வேலை நடக்கும்போதே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து டிசாப் எந்தத் தேதியில் தயாரித்தோம் என்று நினைவிருக்காது. இலக்கியத் தொகுப்பில் பிறர் வாக்கியங்களை ஒட்டாதீர்கள். யுஜிசியின் 2018 விதிகளின்படி 10 சதவீதத்துக்கு மேல் ஒப்புமை இருந்தால் நடவடிக்கைக்கு உரியது. எதிர்பார்த்தது வராவிட்டால் அதையும் எழுதுங்கள். தடுப்பணை ஃபுளோரைடைக் குறைக்கவில்லை என்பதும் ஒரு துறைக்குப் பணம் மிச்சப்படுத்தும் செய்தி.

11. ஊருக்குச் சேர வேண்டியது

1.5க்கு மேல் வந்த கிணற்றுக்காரரிடம் தமிழில் எழுதிய ஒரு தாளைக் கொடுங்கள். அதில் மூன்று செய்தி போதும். இந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம், குளிக்கவும் துவைக்கவும் தடையில்லை. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். குழந்தைகளுக்குக் காவிரிக் குடிநீரைக் கொடுங்கள். பிறகு பட்டியலை ஊராட்சிக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் அனுப்புங்கள். ஆய்வேட்டில் கிணற்றுக்காரர் பெயரைப் போடாதீர்கள், குறியீடு போதும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதற்குக் கீழே, எந்த முடிவு வந்தால் உங்கள் ஊகம் தவறு என்பதையும் ஒரு வாக்கியத்தில் எழுதி நெறியாளரிடம் கொடுங்கள். அந்த இரண்டாவது வாக்கியம் வரவில்லை என்றால் பாட்டில் வாங்காதீர்கள், தலைப்பை மாற்றுங்கள்.